அக்கா மகளின் பிஸ்கட் ரின்

அக்காவின் மகள் கிற்றார் வாசிப்பவள். போன மாதம் நண்பர்கள் மூவரோடு ஒரு பழைய வான் வண்டியில் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வினிப்பெக் புறப்பட்டாள். 2,000 கிலோமீட்டருக்கும் மேல். வழியில் சட்பரியில் ஓர் இரவு, தண்டர் பேயில் ஓர் இரவு நிகழ்ச்சி. முன் இருக்கைக்கு அடியில் ஒரு பிஸ்கட் ரின். பெற்றோல் போட்டது, மோட்டலில் தங்கியது என்று எல்லாப் பற்றுச்சீட்டுகளும் அதற்குள். மானியம் வாங்கினால் ஒவ்வொரு டொலருக்கும் கணக்குக் காட்ட வேண்டும். அதுவும் செலவில் ஒரு பங்குதான் கிடைக்கும். மிச்சம் பிள்ளைகளின் கைக்காசு.

“பாட்டுக்காரருக்கு எங்கள் வரிப்பணமா?” என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. இசைக்கலைஞருக்கு மானியம் கொடுக்கும் ஃபாக்டர் நிதியம் 1982இல் தொடங்கியபோது பணம் போட்டவர்கள் தனியார் வானொலிக்காரர்கள். அரசு பிறகுதான் சேர்ந்துகொண்டது. வானலை பொதுச்சொத்து; அதை வைத்துச் சம்பாதிப்பவர் இந்த நாட்டுப் பாட்டுக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். ஒரு நிலையம் கைமாறினால் பொதுவாக அதன் விலையில் 6 சதவீதம் இதற்குப் போக வேண்டும் என்று 1998இல் விதியே வந்தது. பிச்சை அல்ல, குத்தகை.

இப்போது அந்த ஊற்று வற்றுகிறது. வானொலி கேட்டவர்கள் கைப்பேசிக்குப் போய்விட்டார்கள். விளம்பரக் காசும் பின்னாலேயே போய்விட்டது. அதனால்தான் 2023இல் இணைய ஒளிபரப்புச் சட்டம் வந்தது. கனடாவில் ஆண்டுக்கு 2.5 கோடி டொலருக்குக் குறையாமல் வருமானம் பெறும், கனடிய ஒளிபரப்பாளரைச் சாராத இணையப் பாட்டு, படச் சேவைகள் அதில் 5 சதவீதம் கட்ட வேண்டும் என்று 2024 ஜூனில் ஒளிபரப்பு ஒழுங்கமைப்பு ஆணையமான சி.ஆர்.ரி.சி. ஆணையிட்டது. ஆண்டுக்கு 20 கோடி டொலர் சேரும் என்று மதிப்பிட்டார்கள். அமேசன், அப்பிள், ஸ்பொட்டிஃபை நீதிமன்றம் போயின. அந்த டிசம்பரிலேயே நீதிமன்றம் கட்டணத்தை இடைநிறுத்தியது.

“கலைஞர்களுக்கு ஏற்கெனவே உரிமைத்தொகை கொடுக்கிறோமே” என்கின்றன இந்த நிறுவனங்கள். வானொலியும்தான் கொடுத்தது. உரிமைத்தொகையையும் கொடுத்து, இந்தப் பங்கையும் கொடுத்து, லாபமும் பார்த்தது. அதைவிடப் பல மடங்கு பெரிய நிறுவனங்களுக்கு ஏன் முடியாது? எந்தக் காரணத்தையும் ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

தண்டர் பேயிலிருந்து இரவு ஒரு மணிக்கு அழைத்தாள். வந்தவர்கள் முப்பத்தொரு பேர், தானே எண்ணினாளாம். ஒரு வயதான அம்மா முன்வரிசையில் கடைசிப் பாட்டு வரை இருந்துவிட்டு, இரண்டு இசைத்தட்டு வாங்கிப் போனாராம். “சித்தி, அடுத்த ஊர் வரைக்கும் பெற்றோலுக்குக் காணும்” என்றாள். பின்னால் யாரோ ட்ரம்மை வான் வண்டியில் ஏற்றும் சத்தம் கேட்டது.