அண்ணாச்சியிடம் சொல்லாமல் விட்டது

"பிட்காயின் வாங்காதவர்கள் பின்னால் வருந்துவார்கள்" என்று பிட்காயின் என்ற டிஜிட்டல் நாணயத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையில் அடித்துச் சொல்லியிருக்கிறீர்கள். 2021இல் நானும் இப்படித்தான் பேசித் திரிந்தேன். அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெருப் பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம், மொத்தமே 2.1 கோடி காயின்தான் உருவாகும், விலை ஏறாமல் எங்கே போகும் என்று அளந்துவிட்டேன். கார் நெல் விற்ற காசில் கொஞ்சம் எடுத்து அவர் தீபாவளி சமயத்தில் போட்டார். அந்த நவம்பரில் 69,000 டாலர் வரை போன விலை, அடுத்த நவம்பரில் 16,000 டாலர் பக்கம் வந்து கிடந்தது. அவர் திட்டவில்லை. "விடுடே, நீயா கையப் புடிச்சு வாங்க வச்ச?" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது யாராவது கேட்டால் சங்கடமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். லாபத்தில் 30 சதவீதம் வரி, அந்த வரிக்கு மேலே செஸ் என்ற கூடுதல் வரி. ஒரு காயினில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. விற்கும்போதே முன்கூட்டிப் பிடித்துக்கொள்ளும் வரியான டிடிஎஸ் 1 சதவீதம் வேறு. வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது, இதற்கு அது கிடையாது. காயினின் சாவியை நாமே வைத்துக்கொள்ளும் சொந்த வாலட்டில் வைத்துவிட்டு, அதை மீட்க உதவும் 12 அல்லது 24 சொற்களைத் தொலைத்தால் போய் நிற்க ஒரு கவுண்டர்கூட இல்லை.

வெறுத்து ஒதுக்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நடுவில் ஒரு வங்கி இல்லாமலே கணக்கு நேராக இருப்பது இன்றும் எனக்கு ஆச்சரியம்தான். போனால் வீட்டுச் செலவு இடிக்காத அளவுக்குக் கொஞ்சம் வைத்திருக்கிறேன். அண்ணாச்சி விற்றாரா, வைத்திருக்கிறாரா தெரியாது. கேட்க இன்னும் வாய் வரவில்லை.