தம்பியின் கையை விடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரத்தில் கல்யாண வீட்டில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். அந்த முப்பது நொடி வீடியோ சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழு எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் என் போனுக்கே வந்து சேர்ந்தது. கையை உதறிக்கொண்டிருந்த என் மகனின் இரண்டு கையையும் என் பெரியப்பா தன் துண்டால் கட்டினார். அதற்கு மேல் விவரிக்கப் போவதில்லை. வீடியோவில் இல்லாததைச் சொல்கிறேன்.

அந்தத் துண்டில் போட்டிருந்தது இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு. பெரியப்பா கடல் தொழிலில் இருந்தவர், அந்தக் கைக்கு வேறு முடிச்சு வராது. என் மகன் இழுத்துக்கொண்டே இருந்தான், அது இறுகிக்கொண்டே போனது. அவிழ்த்தது என் அப்பா. வலை பின்னிப் பின்னிக் காய்த்துப்போன விரலால், தன் அண்ணன் போட்ட முடிச்சைப் பல்லைக் கடித்துக்கொண்டு அவிழ்த்தார். அதை யாரும் படம் எடுக்கவில்லை. மணிக்கட்டில் இருந்த சிவப்புத் தடம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் மறைந்தது.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. அவன் கையைப் பிடிக்காதீர்கள்.

என் மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். சந்தோஷம் வந்தால் கையை உதறுவான், பயம் வந்தால் கையை உதறுவான், சத்தம் தாங்காவிட்டாலும் உதறுவான். மூன்றும் ஒரே மாதிரி இருக்காது. சந்தோஷத்தில் உதறும்போது கை தோளுக்கு மேலே போகும், குதிகால் தரையில் படாது. பயத்தில் உதறும்போது முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டிக்கொள்ளும், விரல் மட்டும் படபடக்கும், தொண்டைக்குள்ளிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் வரும். ஞாயிற்றுக்கிழமை வந்தது இரண்டாவது. மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர். அவன் மேளத்தையும் மைக்கையும் ட்யூப்லைட்டையும் ஐந்நூறு பேரின் பேச்சையும் அந்த இரண்டு கையை வைத்துக்கொண்டுதான் சமாளித்துக்கொண்டிருந்தான். கட்டியது அதைத்தான். உடனே அவன் கத்தினான், தரையில் விழுந்து புரண்டான். வீடியோ அங்கேதான் ஆரம்பிக்கிறது. கை கட்டப்பட்டதற்கு முந்தைய பத்து நிமிடம் அவன் கத்தவே இல்லை என்பது யாருக்கும் தெரியாது.

'அது ஒரு கெட்ட பழக்கம், கண்டிச்சா நின்னுடும்' என்று அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு இருபது பேராவது எழுதியிருக்கிறீர்கள். பழக்கம் இல்லை, அண்ணே. இந்தப் பிள்ளைகளுக்குச் சத்தம், வெளிச்சம், தொடுகை எல்லாம் நமக்குத் தெரிகிற அளவில் தெரிவதில்லை. சிலது பத்து மடங்காக வந்து விழும், சிலது வந்ததே தெரியாது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013 பதிப்பிலேயே இதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது அந்தக் குழப்பத்துக்கு நடுவே உடம்புக்குக் கிடைக்கிற ஒரு பிடி. 2019இல் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் 32 பேரை உட்கார வைத்துக் கேட்ட ஓர் ஆய்வு வந்தது. கையை உதறுவதும் உடம்பை ஆட்டுவதும் எங்களை அமைதிப்படுத்துகிறது, அதை நிறுத்த வைக்கிற சிகிச்சை வேண்டாம் என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். என் மகனுக்கு இன்னும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் அவனுக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

இதை நான் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வரவில்லை. அவனுக்கு நாலு வயதில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்தோம். வாரம் மூன்று நாள், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அங்கே முதலில் சொல்லிக்கொடுத்தது 'கை மடியில்' என்பதைத்தான். கையை மடியில் வைத்தால் ஒரு கடலை மிட்டாய்த் துண்டு. எடுத்தால் நான் பிடித்து அழுத்தி முப்பது எண்ண வேண்டும். நானே அழுத்தினேன். இந்தக் கையால்தான் அழுத்தினேன். நாலு மாதத்தில் உதறுவது நின்றுவிட்டது. எல்லோரும் பாராட்டினார்கள், நானும் சாமிக்குப் பொங்கல் வைத்தேன். பிறகு அவன் புருவத்து முடியைப் பிடுங்க ஆரம்பித்தான். அதன் பிறகு மணிக்கட்டைக் கடித்தான். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். சொல்லிக்கொண்டிருந்த ஏழெட்டு வார்த்தையில் 'தண்ணி' மட்டும்தான் மிஞ்சியது. பிள்ளையின் முழுக் கவனமும் கையை மடியில் வைத்திருப்பதிலேயே செலவாகிவிட்டால் அவன் வேறு எதைக் கற்பான்?

பெரியப்பாவின் மேல் எனக்குக் கோபம் வருவதில் பாதி இதனால்தான். அவர் செய்ததை நான் நாலு மாதம் செய்திருக்கிறேன்.

அந்த நிலையிலிருந்து அவனை வெளியே கொண்டுவந்தது என் அப்பா. பாம்பனில் எங்கள் வீட்டுக்கு முன்னால் பூவரசு மர நிழலில் உட்கார்ந்து வலை பொத்துவார். இவன் பக்கத்தில் போய் நிற்பான். அப்பா ஒரு வார்த்தை பேச மாட்டார், தொட மாட்டார், 'உட்காருடா' என்றுகூடச் சொல்ல மாட்டார். வலை ஊசி ஒரு கண்ணிக்குள் போய் அடுத்த கண்ணியில் வரும், போகும், வரும். அதைப் பார்த்துக்கொண்டே ஒருநாள் இவன் கை மெதுவாக மேலே எழும்பியது. நான் பழக்கதோஷத்தில் ஓடினேன். அப்பா நிமிராமலே சொன்னார்: "விடுத்தா. என் கை ஓடுது, அவன் கையும் ஓடுது. உனக்கு என்ன?"

அன்றைக்கு விட்டேன். அந்த மாதமே எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தூக்கம் வர அரை வருடம் ஆனது. புருவம் வளர்ந்தது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றபோது, தினமும் சாயங்காலம் ரயில் பார்த்தே பழகியவன் இடிந்துபோனான். அந்த நாள்களையும் கை உதறித்தான் கடந்தான். 2025 ஏப்ரலில் புதுப் பாலத்தில் ரயில் வந்த அன்று அவன் கை தோளுக்கு மேலே போனதைப் பார்க்க நீங்கள் யாரும் பக்கத்தில் இல்லை.

'கடிச்சா, தலையை முட்டிக்கிட்டா அதையும் விட்டுடுவியா?' என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. விட மாட்டேன். தன்னைக் காயப்படுத்திக்கொண்டால் தடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் கையைக் கட்டித் தடுக்க முடியாது. அந்த உடம்பு எதையோ கேட்கிறது, அதை வேறு வழியில் கொடுக்க வேண்டும். மதுரையில் ஒரு தெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தது: அழுத்தம் கேட்கிற உடம்புக்குக் கனமான வேலை கொடு. தண்ணீர்க் குடத்தைத் தள்ளுவான், ஈர வலையை அப்பாவோடு சேர்ந்து இழுப்பான், சப்பாத்தி மாவு பிசைவான். கடிக்கத் தோன்றினால் துணியை முறுக்கிக் கையில் கொடுப்போம். தலையை முட்டினால் முதலில் காது வலியா, பல் வலியா என்று பார்ப்போம். ஒரு தடவை அது சொத்தைப் பல்தான். சத்தமான இடத்துக்குப் போனால் காதை மூடும் ஹெட்போன். ஞாயிற்றுக்கிழமை அதை 'கல்யாண வீட்ல என்ன கோலம் இது' என்று கழற்றி வைத்தது யார் என்று இப்போது எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

'நாலு பேர் சிரிக்கிறாங்களே' என்கிறீர்கள். சிரிப்பது அந்த நாலு பேர். கட்டுவது மட்டும் ஏன் இவன் கையை?

'அம்மா செல்லம் குடுத்துக் கெடுத்துட்டா' என்று எழுதிய மதினிக்குப் பதில் கிடையாது.

'பெரியவர், பாசத்துல செஞ்சுட்டார்.' ஆமாம், பாசம்தான். பெரியப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அரியமான் கரையில் நடந்தவர். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. இந்தக் கடற்கரையில் பாசத்தோடு கட்டினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? 2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடி. மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகையில் விடியற்காலையில் தீப்பிடித்தபோது 28 பேர் செத்தார்கள். ஓட முடியவில்லை, சங்கிலியில் கட்டியிருந்தது. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டதும் பெற்றவர்களும் கூடப்பிறந்தவர்களும்தான். குணமாகட்டும் என்று வேண்டிக்கொண்டு விட்டவர்கள்தான். நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. பேப்பரில் வந்த படத்தைப் பெரியப்பாதான் மடித்து மறைத்தார், பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று. அந்தக் கையா இந்தக் கையைக் கட்டியது?

உடனே எழுதுவீர்கள், அவர்கள் மனநோயாளிகள், உன் மகன் அப்படி இல்லையே, எதை எதோடு முடிச்சுப் போடுகிறாய் என்று. ஆட்டிசம் மனநோய் இல்லை என்று எனக்குத் தெரியும், பல வருடமாக உங்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருப்பவளே நான்தான். ஆனால் யாராக இருந்தாலும் மனுஷனைக் கட்டலாமா? துண்டு என்றால் சரி, சங்கிலி என்றால் தப்பா?

மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் வருடச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. நாலு பேர் பார்க்கும் இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 92ஆம் பிரிவில் குறைந்தது ஆறு மாதம் ஜெயில். பெரியப்பா மேல் புகார் கொடுக்கப் போகிறாயா என்று போனில் கேட்டார்கள். இல்லை. அவர் மேல் எனக்கு வழக்கு இல்லை, வருத்தம் இருக்கிறது. வீடியோ எடுத்து, சிரிக்கிற பொம்மை ஒட்டி அனுப்பியவர் மட்டும் அந்தப் பிரிவை ஒரு தடவை படித்து வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்த மாதம் அண்ணன் வீட்டில் சடங்கு. 'நீ மட்டும் வா, தம்பியை அம்மாச்சிகிட்ட விட்டுட்டு வா' என்று செய்தி வந்திருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் வருவோம். ஹெட்போன் போட்டிருப்பான். ஸ்பீக்கருக்குத் தள்ளி, வாசல் பக்கம் உட்காருவோம். கையை உதறுவான். பார்க்கப் பிடிக்காதவர்கள் மேடையைப் பார்க்கலாம்.

பெரியப்பா, நீங்கள் முகநூல் பார்க்க மாட்டீர்கள், யாராவது வாசித்துக் காட்டுவார்கள் என்று தெரியும். உங்கள் துண்டு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அந்த அவசரத்தில் அப்பா மடியில் சொருகிக்கொண்டு வந்துவிட்டார். துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டேன். நீங்களே வாருங்கள். சாயங்காலம் வந்தால் பூவரசு மரத்தடியில் தாத்தாவும் பேரனும் இருப்பார்கள். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, துண்டை வாங்கிக்கொண்டு போங்கள்.