வலியை மட்டும் கேட்டால் போதுமா?

புற்றுநோய் வந்த பெரியவர்களிடம் நோயின் பெயரைச் சொல்லாமல் மறைப்பதை நம் வீடுகளில் பாசம் என்கிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மறைப்பதால் அவர்களுக்கு வலி கூடுகிறது என்றே நினைக்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் பணியாற்றிய அமெரிக்க மயக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், 1946இல் ஒரு கட்டுரை எழுதினார். படுகாயத்தோடு வந்த வீரர்களிடம் வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டால், ஏறக்குறைய நால்வரில் மூவர் வேண்டாம் என்றார்களாம். எலும்பு நொறுங்கியவர்களும் வயிற்றில் காயம்பட்டவர்களும் அதில் உண்டு. உணர்வு மரத்துப்போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. ஊசியைத் தாறுமாறாகக் குத்தினால் எல்லோரையும் போலவே கத்தினார்கள்! பின்னர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பொதுமக்களைக் கேட்டபோது பெரும்பாலோர் மருந்து கேட்டார்கள். வீரனுக்குக் காயம் என்பது சாவிலிருந்து தப்பிக்கக் கிடைத்த டிக்கெட். மற்றவர்களுக்கு அது கெட்ட காலத்தின் தொடக்கம் என்று பீச்சர் விளக்கினார்.

1997இல் மான்ட்ரியலில் பியர் ரெயின்வில் குழுவினர், சுடுநீரில் கையை வைத்திருந்தவர்களுக்கு ஹிப்னாடிசம் மூலம் வலியின் அளவை விட்டுவிட்டு, அது தரும் வதையை மட்டும் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். மூளையில் அதற்கேற்ப மாறியது ஆன்டீரியர் சிங்குலேட் என்ற பகுதி. தொடு உணர்வைப் பதியும் பகுதியில் அந்த மாற்றம் இல்லை.

இதைப் பிடித்துக்கொண்டு, சாவை ஒரு நிமிடம் நினைத்தாலே மனிதன் மாறிவிடுவான் என்று அடித்துச் சொல்லும் காணொளிகளை நான் நம்புவதில்லை. அப்படிச் சொன்ன பெயர்பெற்ற உளவியல் சோதனை ஒன்றைப் பல ஆய்வகங்கள் சேர்ந்து திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. நான் சொல்வது மாதக்கணக்கில் படுக்கையோடு கிடக்கும் பயத்தை.

என் பெரியப்பாவின் ரிப்போர்ட்டைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டு, அவரிடம் 'வாயுப் பிடிப்பு' என்றார்கள். கீமோ வார்டில் பக்கத்துப் படுக்கைகளைப் பார்க்க அவருக்குக் கண் இல்லையா? பகலில் பேச்சுத்துணை இருக்கும்வரை ஓரளவு தாங்கினார். விளக்கை அணைத்ததும் அதே மாத்திரை அவருக்குப் போதவில்லை.

லண்டனில் 1967இல் சாகும் நிலையில் இருப்பவர்களைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்ததுதான் நோயாளியின் வலி என்றார். அதற்காக வலி மருந்தான மார்ஃபினைக் குறைத்துவிட்டு ஆறுதல் பேசவில்லை. நேரம் தவறாமல் கொடுக்கச் சொன்னவரும் அவர்தான்.

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்கும் மருத்துவர்கள், இது எதனால் என்று நினைக்கிறீர்கள் என்றும் கேட்கலாம். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நோயாளியே சொன்னால் விட்டுவிடலாம். அதை அவருக்காக மூத்த மகனும் மருமகனும் வராந்தாவில் நின்று முடிவு செய்யக் கூடாது.