அந்தத் தேவாலயத்தைப் பற்றியும் எழுதுங்கள்
அமெரிக்கப் பாடகி அனி டிஃப்ராங்கோ மேடையில் பாட்டுக்கு நடுவே தன் வாழ்க்கையைப் பேசுவதை உங்கள் கட்டுரையில் ரசித்து எழுதியிருக்கிறீர்கள். அவரால் அப்படி ஒளிவுமறைவில்லாமல் பேச முடிவதற்கு ஒரு காரணம் இருப்பதாக எனக்குப் படுகிறது. 1990-லேயே, இருபது வயதை ஒட்டி, ரைச்சஸ் பேப் என்று சொந்த இசை வெளியீட்டு நிறுவனம் தொடங்கி முதல் ஆல்பத்தை வெளியிட்டவர் அவர். பெரிய கம்பெனிகள் கூப்பிட்டும் போகவில்லை. கச்சேரி நடக்கும் இடத்திலேயே கேசட் விற்றார். எதைப் பாடலாம், எதைப் பேசலாம் என்று அவருக்குச் சொல்ல யாருமே இல்லை!

அப்புறம் அந்தக் கிதார் வாசிப்பு. செயற்கை நகம் ஒட்டி, அதன்மேல் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டு தந்தியை அடிப்பார். அந்தச் சத்தம் வேறு யாரிடமும் நான் கேட்டதில்லை.

சொந்த ஊரான பஃபலோவில், இடிபட இருந்த பழைய தேவாலயத்தை அவரும் நண்பர்களும் மீட்டு இசை அரங்காக்கினார்கள். அடுத்த கட்டுரையில் அதையும் எழுதுங்கள்.