ஒரு டிஸ்க், இரண்டு மாமியார்

பம்பலப்பிட்டியில் வாங்கிய 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க். தங்கச்சியின் கல்யாண வீடியோ முழுக்க அதில்தான். என் விண்டோஸ் மடிக்கணினியில் ஒரு குறையும் இல்லை. வெள்ளவத்தையில் மச்சானின் மேக்கில் செருகினால் படம் ஓடுகிறது, ஆனால் ஒரு கோப்பைக்கூட உள்ளே போட விடுகுதில்லை. டிஸ்க் இருப்பது என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் ஃபார்மட்டில்; மேக்குக்கு அதை வாசிக்க மட்டும்தான் தெரியுமாம்.

"ஃபேட்32 ஃபார்மட்டுக்கு மாத்துங்கோ அண்ணை" என்றான் பக்கத்து வீட்டுப் பொடியன். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. தாலி கட்டுகிற பகுதியே 11 ஜிபி!

சரி, எக்ஸ்ஃபேட் ஃபார்மட். விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுதலாம். ஆனால் ஃபார்மட் பண்ணினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்; அதற்கு முதல் 900 ஜிபியை எங்கேயாவது இறக்க வேண்டுமே? இன்னொரு டிஸ்க். திரும்பவும் கொழும்பு காலி வீதி நெரிசல், திரும்பவும் காசு. அப்புறம் கொப்பி பண்ண உட்கார்ந்தால், "மீதம் 7 மணித்தியாலம்" என்று காட்டிவிட்டு, தேத்தண்ணி குடித்து வருவதற்குள் 9 ஆக்கி வைத்திருக்கிறது.

எல்லாம் முடிந்து மச்சானிடம் கொடுத்தேன். மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷினுக்கும் இதையே வைப்போம் என்று ஒரு பட்டனைத் தட்டினார். டிஸ்க்கை அழிக்கட்டுமா என்று கேட்டது மேக்.