ராத்திரி வண்டியை நிறுத்தியவர்களுக்கும் அதற்குக் கை தட்டுகிறவர்களுக்கும்

எங்கள் ஊர் ராத்திரி வண்டி விவகாரம் இங்கே பலருக்கும் தெரியும். கும்பகோணத்திலிருந்து குடவாசல் வழியாக எங்கள் ஊருக்கு ராத்திரி வந்துகொண்டிருந்த அரசு டவுன் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், திரும்ப விடச் சொல்லிக் கேட்டிருந்தோம். நேற்று போக்குவரத்துக் கழகத்திடமிருந்து பதில் வந்துவிட்டது. கிலோமீட்டருக்கு வசூல் போதவில்லையாம், நிறுத்திய நடை நிறுத்தியதுதானாம். அதற்குக் கீழேயே ஒரு நண்பர் வந்து, "நஷ்டத்தில் ஓடுகிற வண்டியை யார் வீட்டுக் காசில் ஓட்டுவது?" என்று கேட்கிறார். நாலு பேர் அதற்கு லைக் போட்டிருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

பொதுப் பணத்துக்குக் கணக்கு வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். ஆனால் கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் விழுந்தது என்கிற ஒரே கணக்கை வைத்துக்கொண்டு, எந்த வண்டிக்குப் பணம், எந்த வண்டிக்கு இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

வண்டியில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கணக்கெடுத்தது எப்போது? மே மாதம். பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம் லீவு. பம்புசெட் வைத்திருப்பவர்கள் வயலைத் தவிர மற்றதெல்லாம் காய்ந்து கிடக்கிற நேரம். வழக்கம்போல ஜூன் 12ஐ ஒட்டி மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து, நடவு தொடங்கிய பிறகு வந்து எண்ணியிருக்கலாமே. ஐப்பசியில் இதே வண்டியில் படியில் நிற்கக்கூட இடம் கிடைக்காது.

எண்ணிய விதமும் அப்படித்தான். முன் சீட்டில் இரண்டு பேர் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்து வந்தார்கள். குடவாசல் வரை அதை எடுக்கவே இல்லை. கடைசிப் பாலம் தாண்டிய பிறகு தலையை எண்ணிக் குறித்துக்கொண்டார்கள். டெல்டாவில் ஊர்கள் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் இதைச் செய்வார்களா? ஆற்றங்கரையில் ஒரு தெரு, கொஞ்ச தூரம் வயல், அப்புறம் வாய்க்கால் ஓரமாக இன்னொரு தெரு. நிறுத்தத்துக்கு ஒருவர் இருவர் என்றுதான் இறங்குவார்கள். கும்பகோணத்தில் நிறைந்து கிளம்புகிற வண்டி கடைசியில் காலியாகத்தான் வந்து நிற்கும். எல்லோரையும் வீடு சேர்த்துவிட்டு வந்த வண்டி அது.

இன்னொன்று. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. அதற்கு அரசு மானியம் தருகிறது. ராத்திரி வண்டியில் வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கண்டக்டர் பையில் விழுந்த காசை மட்டும் வசூல் என்று எடுத்துக்கொண்டால், அந்தப் பெண்கள் யாரும் அந்த வண்டியில் ஏறவே இல்லை என்று ஆகிவிடும்.

நான் பன்னிரண்டாவது படித்தபோது கணக்கு டியூஷனுக்குக் கும்பகோணம் போய் வந்தது இந்த வண்டியில்தான். பொம்பளைப் பிள்ளையை ராத்திரி எட்டு மணி டியூஷனுக்கு அப்பா அனுப்பியதே இந்த வண்டியை நம்பித்தான். அப்போதிருந்த கண்டக்டர், "டியூஷன் பிள்ளைங்க ஏறியாச்சா?" என்று கேட்ட பிறகுதான் விசில் கொடுப்பார். இன்று நான் வேலைக்குப் போய், உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இது எந்தக் கிலோமீட்டர் கணக்கில் வரும்?

பக்கத்து வீட்டு அக்கா ஜவுளிக் கடையில் நிற்கிறாள், அதாவது போன மாதம் வரை நின்றாள். கடை மூட எட்டரை ஆகும். ஆட்டோவுக்குக் கேட்கிற காசு அவள் ஒரு நாள் சம்பளத்தில் பாதி. ஏழு மணிக்கே விடச் சொல்லிக் கேட்டாள், முதலாளி முடியாது என்றுவிட்டார். வேலையை விட்டுவிட்டாள். இதில் கவனிக்க வேண்டியது, அவள் இப்போது காலை வண்டியிலும் ஏறுவதில்லை. திரும்பி வர வண்டி இல்லாதவர் போகவும் மாட்டார். அடுத்த வருஷம் காலை நடைக்கும் வசூல் குறையும், அதையும் நிறுத்துவார்கள்.

ஆளுக்கொரு டூவீலர் இருக்கிறதே என்கிறீர்கள். வீட்டுக்கு ஒன்று இருக்கலாம், அதை வீட்டு ஆம்பளை எடுத்துப் போயிருப்பார். மினி பஸ் இருக்கிறதே என்கிறீர்கள். எங்கள் பக்கம் இருட்டிய பிறகு அது வருவதில்லை, வந்தாலும் தனியார் வண்டி, பெண்களும் காசு கொடுத்துத்தான் ஏற வேண்டும். காலை பத்து மணிக்கு ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு வண்டி காலியாகப் போகிறதே என்றால், ஆமாம், போகிறது. அதில் ஒன்றை எடுத்து ராத்திரிக்குப் போடுங்கள், யார் வேண்டாம் என்றது?

மெட்ரோவுக்கு எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள் என்று தெரியுமா? ஒன்றிய அரசின் 2017 மெட்ரோ கொள்கைப்படி போடுகிற பணத்துக்கு 14 சதவீதப் பொருளாதாரப் பலன் காட்ட வேண்டும். டிக்கெட் வசூலோடு அது முடிவதில்லை. மக்களுக்கு மிச்சமாகும் நேரம், குறைகிற புகை, தவிர்க்கிற விபத்து எல்லாவற்றுக்கும் ரூபாய் மதிப்புப் போட்டுச் சேர்க்கிறார்கள். சென்னையில் 63,246 கோடிக்கு இரண்டாம் கட்டம் நடக்கிறது. நடக்கட்டும், வேண்டும். ஆனால் சென்னைக்காரர் மிச்சப்படுத்தும் பத்து நிமிஷத்துக்கு மதிப்பு உண்டு, எங்கள் அக்கா இழந்த வேலைக்கு மதிப்பு இல்லை என்றால் எப்படி?

2023ல் மின்சாரப் பேருந்துகளுக்கு ஒன்றிய அரசு அறிவித்த திட்டத்தையும் பாருங்கள். இங்கெல்லாம் ஒரு நகரத்துக்கு 3 லட்சம் மக்கள்தொகை இருந்தால்தான் தகுதி. 2011 கணக்கெடுப்பில் தஞ்சாவூர் நகரத்திலேயே 2.2 லட்சம் பேர்தான். கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை எதுவும் அந்தக் கோட்டைத் தொடாது. எந்த அளவுகோலை எடுத்தாலும் நாங்கள் வெளியில்தான் நிற்கிறோம். மயிலாடுதுறை - தரங்கம்பாடி ரயிலை 1986ல் நிறுத்தினார்கள், இன்றுவரை வரவில்லை. ஒருமுறை நிறுத்தினால் எங்கள் பக்கம் எதுவும் லேசில் திரும்பி வராது, அந்தப் பயத்தில்தான் இப்படிக் கத்துகிறேன்.

1972ல் பஸ்களை அரசு எடுத்துப் போக்குவரத்துக் கழகங்கள் அமைத்ததே, லாபம் பார்க்கிற முதலாளி வராத ஊருக்கும் வண்டி வர வேண்டும் என்றுதானே? அந்த வண்டியிடமே லாபம் கேட்டால் நாங்கள் யாரிடம் போவது?

திங்கட்கிழமை திருவாரூர் கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாள். நடவு முடிந்த மாதத்தில் வந்து எண்ணுங்கள், கும்பகோணத்தில் ஏறும்போது எண்ணுங்கள், பெண்களையும் சேர்த்து எண்ணுங்கள், அதுவரை ராத்திரி வண்டியை விடுங்கள் என்று மனு எழுதியிருக்கிறோம். கையெழுத்துப் போடாதவர்கள் ஞாயிறு சாயங்காலத்துக்குள் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் போடலாம். நேற்று லைக் போட்ட நாலு பேரும் வாருங்கள், உங்கள் வீட்டுப் பெண்களும் இந்த வண்டியில்தான் வந்துகொண்டிருந்தார்கள்.