பிரெய்ரி வீட்டுக்கு வந்துபோனவர்கள்

லாரா இங்கல்ஸ் வைல்டர் தன் குடும்பம் பிரெய்ரி என்ற அமெரிக்கப் புல்வெளியில் குடியேறி வாழ்ந்ததைப் பற்றி எழுதிய புத்தகங்களை வைத்து எடுத்த டிவி தொடர் 'லிட்டில் ஹவுஸ் ஆன் த பிரெய்ரி'. அதைப் பார்த்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். "பாவம், ஆள் அரவமே இல்லாத இடத்தில் எப்படித்தான் குடும்பம் நடத்தினார்களோ!" இல்லையென்றால் இதற்கு நேர் எதிராக, "குடும்பம், நிலம், ராத்திரி வயலின். வேறென்ன வேண்டும்?" எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. அந்தத் தொடரில் யாராவது தனியாக இருந்தால்தானே!

1974 மார்ச்சில் என்.பி.சி. சேனலில் வந்த முதல் டெலிஃபிலிம் மட்டும் விதிவிலக்கு. கான்சாஸ் புல்வெளியில் ஒரு வண்டி, அதில் அப்பா சார்லஸ், அம்மா கரோலின், லாராவும் மற்றப் பெண்களும் என்று ஒரு குடும்பம், ஒத்தாசைக்குப் பக்கத்தில் மிஸ்டர் எட்வர்ட்ஸ். அதில் தனிமை உண்மையாகவே இருக்கிறது. செப்டம்பரில் வாராந்தரத் தொடர் தொடங்கியதும் கதை மினசோட்டாவின் வால்நட் குரோவுக்குப் போய்விடுகிறது. அங்கே ஆல்டன் பாதிரியார், டாக்டர் பேக்கர், ஹான்சனின் மர ஆலை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயமாகவும் மற்ற நாளில் பள்ளிக்கூடமாகவும் இருக்கும் கட்டடம், எல்லாவற்றுக்கும் மேல் ஓல்சன் கடை. அந்தக் கடைக்காரம்மா ஹாரியட் ஓல்சன் மாதிரி வம்பளக்கும் ஒருவர் ஊரில் இருந்தால் யாரால் தனிமையில் வாட முடியும்? தனியாக இருக்க விட்டால் போதும் என்றுதான் கெஞ்சத் தோன்றும்.

தொடரைத் தயாரித்து சார்லஸாகவும் நடித்த மைக்கேல் லாண்டனை நான் குறை சொல்லவில்லை. 9 சீசன் ஓட வேண்டிய தொடருக்கு வாராவாரம் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு புது ஆள் வந்தாக வேண்டும். பனியையும் புல்லையும் மட்டும் காட்டி எத்தனை வாரம் ஓட்டுவது?

ஆனால் இதனால் என்ன ஆகிறது என்பதற்கு முதல் சீசனிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. '100 மைல் வாக்' என்ற எபிசோடு. ஆலங்கட்டி மழையில் கோதுமை நாசமாகிவிட, சார்லஸ் வேலை தேடி நடந்தே கிளம்புகிறார். ஊர் ஆண்களெல்லாம் போய்விட, கரோலின் பெண்களைத் திரட்டி, மிச்சம் இருக்கும் கோதுமையை அறுத்துச் சேர்க்கிறார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நிஜ வாழ்க்கையில் வந்தது ஆலங்கட்டி இல்லை, வெட்டுக்கிளி. 1870களின் நடுவில் பாறை மலை வெட்டுக்கிளிகள் மினசோட்டா விளைச்சலை வருஷக்கணக்கில் தின்று தீர்த்தன. ரயிலுக்குக் காசில்லாமல் சார்லஸ் பழைய பூட்ஸோடு கிழக்கே நடந்துபோனதையும், வீட்டில் கரோலினும் சிறு பெண்களும் கடிதத்துக்காகக் காத்துக் கிடந்ததையும் லாரா இங்கல்ஸ் வைல்டர் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அறுக்க எதுவும் மிச்சமில்லை, கூடிப் பாடவும் ஆளில்லை. காத்திருப்பதுதான் வேலை. டிவியில் அந்தக் காத்திருப்பு ஓர் ஊர்த் திருவிழா மாதிரி ஆகிவிட்டது.

தொடரில் தனிமையை நேருக்கு நேராகப் பார்த்தது என்று நான் சொல்வது இரண்டாவது சீசனின் 'எ மேட்டர் ஆஃப் ஃபெய்த்'. குடும்பம் வெளியூர் போகிறது, கரோலின் மட்டும் வீட்டில் தங்குகிறார். துருப்பிடித்த கம்பி காலில் கீறுகிறது. சின்னக் கீறல்தானே என்று விட்டுவிடுகிறார். கால் வீங்குகிறது, காய்ச்சல் ஏறுகிறது, வெளியே புயல். யாரும் வரவில்லை. வழக்கமாக ஐந்து நிமிஷத்துக்கு ஒருவர் வந்துபோகும் அந்த வீட்டுக்கு அன்று ஒருவர்கூட வரவில்லை! கடைசியில் பைபிளில் ஒரு வசனத்தைப் படித்துவிட்டு, அதையே கட்டளையாக எடுத்துக்கொண்டு, கத்தியைக் கையில் எடுக்கிறார். கரோலினாக நடித்த கேரன் கிராஸ்லுக்குத் தொடர் முழுக்க ரொட்டி சுடுவதும் கணவனைப் பார்த்துப் புன்னகைப்பதும்தான் அதிகம். இங்கே கிட்டத்தட்ட ஒற்றை ஆளாக நடித்துக் காட்டியிருக்கிறார். மற்றதெல்லாம் வேண்டாம், இதை மட்டுமாவது பாருங்கள்.

சரி, டிவிதான் கூட்டம் சேர்த்தது, புத்தகம் உண்மையைச் சொல்லியிருக்கும் என்று நினைப்பீர்கள். அங்கேதான் வேடிக்கை. டிவி ஆளைக் கூட்டியது என்றால், புத்தகம் ஆளைக் குறைத்தது.

கான்சாஸ் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் இண்டிபெண்டன்ஸ் என்ற ஊர் 40 மைல் தள்ளி இருக்கிறது. அப்பா ஊருக்குப் போய் வருவதே ஒரு பெரும் பயணம். அந்த வீடு இருந்த இடத்திலிருந்து ஊர் சுமார் 13 மைல்தான். அங்கே போய்ச் சேர்ந்தபோது லாராவுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை, சொந்த நினைவு எவ்வளவு இருந்திருக்கும்? ஆனால் 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கல்ஸ் குடும்பம் ரட்லண்ட் டவுன்ஷிப்பின் 89வது வீடாகப் பதிவாகியிருக்கிறது. 88 வீட்டைக் கடந்துதான் கணக்கெடுப்பவர் அந்த வாசலுக்கு வந்திருக்கிறார். மலேரியாவில் குடும்பமே படுத்தபோது பார்த்துக்கொண்ட ஜார்ஜ் டான் என்ற கறுப்பின மருத்துவரும் அக்கம்பக்கத்தில் இருந்தவர்தான். அதோடு, அந்த நிலம் ஓசேஜ் என்ற பூர்வகுடி மக்களுடையது. வெள்ளைக் குடியேறிகளுக்கு அங்கே பட்டாவே கிடையாது. ஆளில்லாத இடத்தில் போய்க் குடியேறியவர்கள் இல்லை இவர்கள். இருந்தவர்களின் இடத்தில் போய் உட்கார்ந்தவர்கள்.

அப்புறம் 1876-77இல் ஐயோவாவின் பர் ஓக்கில் ஒரு ஹோட்டலை நடத்த உதவிக்கொண்டு குடும்பம் இருந்தது. வருவோர் போவோர் நிறைந்த கட்டடம். அந்தக் காலம் முழுவதையும் புத்தக வரிசை தாண்டிப் போய்விட்டது.

எனக்கு இன்னும் பிடித்தது 1880-81 கடுங்குளிர்காலக் கதை. டகோட்டாவின் டி ஸ்மெட்டில் ஜனவரியில் நின்ற ரயில் மே மாதம்தான் வந்தது. விறகு, நிலக்கரி எதுவும் இல்லை. வைக்கோலை முறுக்கி எரித்தார்கள், காபி அரைக்கும் மில்லில் கோதுமையை அரைத்து ரொட்டி சுட்டார்கள். புத்தகத்தில் இது ஒரு குடும்பம் தனியாகப் பனியோடு போராடும் கதை. லாராவின் நினைவுக்குறிப்பைப் பார்த்தால், அந்தக் குளிர்காலம் முழுக்க மாஸ்டர்ஸ் என்ற இளம் தம்பதி அதே வீட்டில் இருந்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்குப் பிரசவம் நடந்ததும் அங்கேதான். கணவரோ, அடுப்போரம் உட்கார முதல் ஆள், வேலைக்குக் கடைசி ஆள். அவர்களைச் சேர்த்தால் கதை கெட்டுவிடும் என்று மகள் ரோஸிடம் வாதாடி லாரா விட்டுவிட்டார். எழுத்தாளராக அவர் செய்தது சரிதான் என்பேன். ஆனால் "யார் உதவியும் இல்லாமல் தாக்குப்பிடித்த குடும்பம்" என்ற பெயர் வந்தது இப்படித்தான்.

அப்படியானால் தனிமையே இல்லையா? இருந்தது. ஆனால் அதை உண்டாக்கியது காடும் மேடும் இல்லை, சட்டம். 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் உங்களுக்கு, ஆனால் அந்த நிலத்திலேயே வீடு கட்டி ஐந்து வருஷம் குடியிருக்க வேண்டும். அரை மைலுக்கு அரை மைல் சதுரம் ஒவ்வொன்றிலும் ஒரு வீடு. ஊராகச் சேர்ந்து இருந்துகொண்டு காலையில் வயலுக்குப் போய் மாலையில் திரும்பும் வழக்கத்துக்கு அதில் இடமே இல்லை. 1893இல் அட்லாண்டிக் இதழில் யூஜின் ஸ்மாலி எழுதிய கட்டுரையின் புலம்பலே இதுதான். பிரெய்ரி விவசாயிகளிடமும் அவர்கள் மனைவிமாரிடமும் மனநோய் பெருகுகிறது, வீடுகளைக் கிராமமாகச் சேர்த்துக் கட்டுங்கள் என்றார். யார் கேட்டார்கள்?

இந்தச் சதுரத்துக்குள் அதிகம் மாட்டிக்கொண்டது கரோலின் என்றுதான் நான் நினைக்கிறேன். விஸ்கான்சினில் சார்லஸின் இங்கல்ஸ் வீடும் கரோலினின் பிறந்த வீடான குவைனர் வீடும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகள். அந்த வீட்டுப் பிள்ளைகள் மூவர், இந்த வீட்டுப் பிள்ளைகள் மூவரைக் கட்டிக்கொண்டார்கள். கரோலின் பக்கத்து வீட்டுக்குப் போனால் அண்ணனே நாத்தனாரின் புருஷன். அப்படிப்பட்ட ஒரு பெண்ணைத்தான் சார்லஸ் மேற்கே, மேற்கே என்று இழுத்துக்கொண்டு போனார். சார்லஸுக்கு ஊருக்குப் போகும் வேலை இருந்தது, மரம் வெட்டும் இடத்தில் நாலு பேரோடு பேச்சு இருந்தது, வயலின் இருந்தது. பக்கத்து வீட்டுப் புகை தெரிந்தாலே அவருக்குக் கூட்டம் அதிகமாகிவிட்டது மாதிரி. கரோலினுக்கு என்ன தோன்றியது என்று புத்தகமும் அதிகம் சொல்வதில்லை, தொடரும் அவரைப் புன்னகைக்க வைத்தே ஒப்பேற்றிவிட்டது.

2025 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் இதைப் புதிதாக எடுக்கப்போவதாக அறிவித்தபோது நண்பர்கள் பலர் லாண்டன் மாதிரி வருமா என்று கவலைப்பட்டார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. டி ஸ்மெட் குளிர்காலத்துக்கு எப்போதாவது வந்து சேர்ந்தால், அடுப்போரம் அந்த மாஸ்டர்ஸ் ஆளை உட்கார வைக்கிறார்களா, அவருக்கும் சேர்த்து ரொட்டி சுடும் கரோலினின் முகத்தை அந்த நேரம் காட்டுகிறார்களா என்றுதான் பார்ப்பேன்.